சங்கம் பெற்ற கட்சி: ஆஸ்திரேலியத் தொழிற்சங்கங்களும் கட்சி அரசியலும்



'சங்கம்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் தமிழறிந்தார் நெஞ்சில் புலவர் கூடித் தமிழாய்ந்த அவையே முதலில் தோன்றும். அதே சொல் ஆலைவாயிலில் ஒலிக்கும்பொழுது உழைப்பாளர் கூட்டத்தைக் குறிக்கும். இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: தனித்து நின்றால் எழாத குரல் கூடி நின்றால் எழும். அக்குரல் ஒரு நாட்டின் ஆட்சிக் கட்டில்வரை சென்ற வரலாற்றை ஆஸ்திரேலியாவில் காணலாம். அங்கே கட்சி சங்கத்தைப் படைக்கவில்லை. சங்கமே கட்சியைப் படைத்தது. பெற்ற தாயும் பிறந்த மகவும் எவ்வாறு உறவாடின, எங்குப் பிணங்கின, அவ்வுறவில் எழுதுவோர்க்கு இருந்த இடம் யாது என்பனவற்றை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

மரத்தடியில் பிறந்த கட்சி

1856ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் மெல்பர்ன் நகரின் கல்தச்சர்கள் உளியைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலமாகச் சென்றனர். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் உறக்கம் என்பது அவர்தம் முழக்கம். அவர்கள் வென்றனர். 888 என்னும் எண்ணைத் தாங்கிய நினைவுத்தூண் மெல்பர்ன் தொழிற்சங்க மாளிகைக்கு எதிரே இன்றும் நிற்கிறது.

கட்சி பிறந்ததோ வெற்றியில் அன்று, தோல்வியில். 1890இல் கப்பல் தொழிலாளர் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு குவீன்ஸ்லாந்தில் செம்மறியாட்டு மயிர் கத்தரிப்போர் வேலைநிறுத்தம் செய்தனர். சங்கத்தில் சேராதாரையும் விரும்பியவாறு அமர்த்திக்கொள்ளும் 'ஒப்பந்த உரிமை' வேண்டும் என்றனர் பண்ணை உரிமையாளர். அவ்வுரிமை சங்கத்தின் உயிரையே குடிக்கும் என்றனர் தொழிலாளர். அரசு படையையும் காவலரையும் அனுப்பியது. தலைவர்கள் சதிக் குற்றம் சாட்டப்பட்டு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். காவலரும் நீதிமன்றமும் சட்டமும் எதிர்ப்பக்கத்தில் நிற்கும்வரை வேலைநிறுத்தம் ஒன்றால் மட்டும் வெல்ல இயலாது. சட்டம் செய்யும் அவைக்குள்ளேயே நுழைய வேண்டும் என்பது அத்தோல்வி கற்பித்த பாடம்.

பார்கால்டின் என்னும் சிற்றூரில், புகைவண்டி நிலையத்தின் முன் நின்ற ஒரு யூக்கலிப்டஸ் மரத்தடியில் வேலைநிறுத்தத் தொழிலாளர் கூடினர். அதே மரத்தடியில் 1892 செப்டம்பர் 9 அன்று குவீன்ஸ்லாந்துத் தொழிற்கட்சியின் அறிக்கை படிக்கப்பட்டது. 'அறிவு மரம்' எனப் பெயர் பெற்ற அம்மரத்திற்கு 2006இல் யாரோ நஞ்சு வைத்தனர். பட்டுப்போன மரத்தைச் சுற்றி 2009இல் நினைவகம் எழுந்தது.

நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் கட்சி இன்னும் விரைவாக வளர்ந்தது. 1891 தேர்தலில் 141 இடங்களுள் 35 இடங்களைக் கைப்பற்றியது. 1899 டிசம்பரில் குவீன்ஸ்லாந்தில் ஆண்டர்சன் டாசன் அமைத்த அரசே உலகின் முதல் தொழிற்கட்சி அரசு. அஃது ஒரு வாரமே நீடித்தது. 1904இல் கிறிஸ் வாட்சன் நாட்டின் பிரதமரானார். 1910இல் ஆண்ட்ரு ஃபிஷர் தலைமையில் கட்சி அறுதிப் பெரும்பான்மை பெற்றது. மரத்தடிக்கும் அரியணைக்கும் இடையே இருபது ஆண்டுகள்கூட இல்லை.

ஏடும் பாட்டும்

இவ்வியக்கம் ஏடுகளாலும் பாடல்களாலும் வளர்ந்தது என்பது இலக்கிய அன்பர்கள் கருதத்தக்கது. பிரிஸ்பேன் நகரில் சங்கங்கள் நடத்திய 'வொர்க்கர்' இதழில், 1891 வேலைநிறுத்தத்தின்போது, ஹென்றி லாசன் என்னும் இளங்கவிஞர் ஒரு பாடல் எழுதினார். கத்தரிப்போரை ஒடுக்கிய காவலர்க்கு நன்றி கூறும் தீர்மானம் குவீன்ஸ்லாந்துச் சட்ட மேலவையில் வந்தபொழுது, உறுப்பினர் ஒருவர் அப்பாடலின் பகுதிகளை அரசவெறுப்புக்குச் சான்றாக எடுத்துப் படித்தார். அதனால் அப்பாடல் அவைக்குறிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. கண்டிக்கப் படித்தவரே அதனை அழியாமற் காத்தார் எனலாம். 1922இல் லாசன் மறைந்தபொழுது அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார்.

மேரி கில்மோர் மற்றொருவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கத்தின் 'வொர்க்கர்' ஏட்டில் மகளிர் பக்கத்தை 1908 முதல் 1931 வரை நடத்தினார். சமையற் குறிப்போடு முதியோர் உதவித்தொகையையும், பழங்குடியினர்க்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் அப்பக்கத்தில் எழுதினார். தொழிற்சங்க ஏட்டில் எழுதிய இக்கவிஞரின் முகம் 1993 முதல் அந்நாட்டின் பத்து டாலர்த் தாளில் பொறிக்கப்பட்டுள்ளது.

நீதிபதி வகுத்த கூலி

முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே நடுவர் மன்றம் அமைத்தல் ஆஸ்திரேலியாவின் தனிச்சிறப்பு. 1904இல் அதற்கான சட்டம் இயற்றப்பட்டது. 1907இல் நீதிபதி ஹிகின்ஸ் 'ஹார்வெஸ்டர் தீர்ப்பு' எனப்படும் தீர்ப்பை வழங்கினார். நாகரிகச் சமூகத்தில் வாழும் ஒரு மனிதனின் இயல்பான தேவைகளே கூலிக்கு அளவுகோல் என்றார் அவர். ஒரு தொழிலாளி, அவன் மனைவி, மூன்று குழந்தைகள் என்று ஒரு குடும்பத்தைக் கொண்டு, வாடகை, விறகு, உணவுச் செலவுகளைக் கணக்கிட்டார். நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங் எனக் கூலி வகுத்தார். சந்தையின் விலையன்று, வாழ்வின் தேவையே கூலி என்ற அக்கருத்து ஒரு நூற்றாண்டு அந்நாட்டைத் தாங்கியது.

அக்கணக்கில் ஒரு குறையும் இருந்தது. உழைக்கும் பெண் அதில் இல்லை. மனைவியாக மட்டுமே அவள் எண்ணப்பட்டாள். ஆணுக்குக் குடும்பக் கூலி என்றமையால் பெண்ணுக்குக் குறைந்த கூலி என்பது நியாயமாகிவிட்டது. அந்நியாயத்தை உடைக்க 1969, 1972 ஆகிய ஆண்டுகளின் சமகூலித் தீர்ப்புகள் வரவேண்டியிருந்தது. நீதி வழங்கும் கையே ஒருத்தியை மறந்தால் அம்மறதிக்கு அறுபது ஆண்டு ஆயுள் உண்டு.

வெள்ளை வேலி

இன்னும் பெரிய கறை ஒன்று உண்டு. ஆசியரும் பசிபிக் தீவினரும் குறைந்த கூலிக்கு உழைத்துத் தம் வாழ்வைக் கெடுப்பர் என அஞ்சிய சங்கங்கள், அவர்களை அழைத்து வந்த முதலாளியை எதிர்ப்பதோடு நில்லாமல் அம்மக்களையே வெறுத்தன. 1901இன் குடியேற்றத் தடைச் சட்டத்தைத் தொழிற்கட்சி முழுமனத்தோடு ஆதரித்தது. வேண்டாதவரைத் தடுக்க அச்சட்டம் கையாண்ட கருவி மொழியே: அதிகாரி விரும்பிய ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் சொல்வதைப் பிழையின்றி எழுத வேண்டும். 1934இல் பாசிச எதிர்ப்பு எழுத்தாளர் எகோன் கிஷ் வந்தபொழுது, பல மொழி அறிந்த அவரை ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் சோதித்துத் தோற்கச் செய்தனர். அது சட்டம் கருதிய ஐரோப்பிய மொழியன்று எனத் தலைமை நீதிமன்றம் கூறிவிட்டது. மொழியைப் பாலமாகப் போற்றுவோர்க்கு, அது வேலியாகவும் ஆக்கப்பட்ட இவ்வரலாறு நெஞ்சைச் சுடும்.

1965இல்தான் கட்சி வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கையைத் தன் திட்டத்திலிருந்து நீக்கியது. 1973இல் விட்லம் அரசு அதன் எச்சத்தையும் அகற்றியது. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து சென்ற தமிழர் அங்குக் குடியேற முடிந்தமைக்கு அவ்வேலி விழுந்ததே வழி.

சங்கங்கள் அவ்விருளிலிருந்து மெல்ல மீண்டன. 1938இல் போர்ட் கெம்ப்லா துறைமுகத் தொழிலாளர், சீன மக்கள்மேல் குண்டாக விழும் என்று கூறி, ஜப்பானுக்குச் செல்லும் இரும்பைக் கப்பலேற்ற மறுத்தனர். 1966 ஆகஸ்டில் வடக்குப் பகுதியின் வேவ் ஹில் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிஞ்சிப் பழங்குடியினர் வெளியேறினர். கூலிப் போராட்டமாகத் தொடங்கியது நிலமீட்புப் போராட்டமாக வளர்ந்தது. தொழிற்சங்கங்கள் துணைநின்றன, நாவலாசிரியர் ஃபிராங்க் ஹார்டி அவர்களோடு தங்கி அவர்தம் செய்தியை நாடறியச் செய்தார். 1975இல் பிரதமர் விட்லம் ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் கையில் சொரிந்து நிலத்தை ஒப்படைத்தார்.

தாயும் மகவும் பிணங்கிய காலம்

ஆட்சியில் அமர்ந்த மகவு தாயின் சொல்லைக் கேட்குமா? இவ்வினா கட்சியை மும்முறை பிளந்தது. துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவராக இருந்து பிரதமரான பில்லி ஹியூஸ், முதல் உலகப்போரில் கட்டாயப் படைச்சேர்ப்பை வற்புறுத்தினார். 1916, 1917 ஆகிய ஈராண்டுகளிலும் மக்கள் அதனை வாக்கெடுப்பில் மறுத்தனர். ஹியூஸ் கட்சியை விட்டு வெளியேறினார். 1931இல் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது ஜோசப் லயன்ஸ் வெளியேறினார். 1955இல் சங்கங்களுக்குள் பொதுவுடைமையரின் செல்வாக்கைப் பற்றிய பூசலால் கட்சி மீண்டும் உடைந்தது. 1949இல் இழந்த ஆட்சியை 1972வரை அதனால் மீட்க இயலவில்லை.

1949இன் நிலக்கரி வேலைநிறுத்தம் எல்லாவற்றினும் துயரமானது. சுரங்கங்களுக்குள் படைவீரரை அனுப்பிய பிரதமர் சிஃப்லி, புகைவண்டி ஓட்டுநராக இருந்து தாமே வேலைநிறுத்தத்தால் பதவியிறக்கம் பெற்றவர். அவர் மனம் கல்லன்று. ஆட்சியின் இருக்கை எவரையும் அவ்விடத்திற்கு இழுக்கும் என்பதே அதிலிருந்து பெறும் உண்மை.

உடன்பாடும் உறுப்பினர் இழப்பும்

1983இல் பிரதமரான பாப் ஹாக், அதற்கு முன் தொழிற்சங்கப் பேரவையின் தலைவராக இருந்தவர். கூலி உயர்வை அடக்கி வைப்பதற்கு ஈடாகச் சமூக நலன்களை அளிப்பதென அரசும் சங்கங்களும் உடன்பாடு செய்துகொண்டன. 1984இல் 'மெடிகேர்' என்னும் பொது மருத்துவத் திட்டம் வந்தது. 1992இல் ஓய்வுக்கால நிதி சட்டப்படி கட்டாயமாயிற்று. முதலாளி செலுத்தும் அப்பங்கு 2025 ஜூலை முதல் நூற்றுக்குப் பன்னிரண்டாக உள்ளது. இவை சிறுபேறுகள் அல்ல.

ஆயின் அதே காலத்தில்தான் சங்கம் மெலியத் தொடங்கியது. 1976இல் தொழிலாளருள் பாதிப்பேர் சங்க உறுப்பினர். 2022இல் நூற்றுக்கு 12.5 பேர். ஆலைகள் மூடப்பட்டன, தற்காலிகப் பணிகள் பெருகின, நாடு முழுமைக்குமான ஏற்பாட்டின் இடத்தில் நிறுவனந்தோறும் தனி ஒப்பந்தம் வந்தது. மேலிடத்தில் தலைவர்கள் பேசி முடித்துவிட்டால் கீழே உறுப்பினர் கூட வேண்டிய தேவை குறையும் என்பதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. கூடாத சங்கம் பெயரளவில் மட்டுமே சங்கம்.

எனினும் உழைப்புரிமையில் கைவைத்த அரசுகள் தப்பவில்லை. 1929இல் நடுவர் மன்ற முறையைக் கலைக்க முயன்ற பிரதமர் ஸ்டேன்லி புரூஸ், தம் தொகுதியையே ஒரு தொழிற்சங்கச் செயலாளரிடம் இழந்தார். 1998 ஏப்ரலில் துறைமுகத் தொழிலாளர் ஏறத்தாழ 1,400 பேர் ஒரே இரவில் நீக்கப்பட்டபொழுது மக்கள் வாயில்களில் திரண்டனர்; நீதிமன்றமும் தொழிலாளர் பக்கம் தீர்ப்பளித்தது. 2005இல் லிபரல் கட்சிப் பிரதமர் ஜான் ஹோவர்டு கொண்டுவந்த 'வொர்க் சாய்சஸ்' சட்டத்தை எதிர்த்துச் சங்கங்கள் வீடுவீடாகச் சென்றன. 2007 தேர்தலில் ஹோவர்டு ஆட்சியையும் தம் தொகுதியையும் சேர்த்து இழந்தார். பதவியிலிருக்கும்பொழுதே தொகுதியை இழந்த பிரதமர்கள் இவ்விருவர் மட்டுமே. இருவர் தேர்தலிலும் உழைப்புரிமை பெரும்பொருளாக இருந்தமை தற்செயல் அன்று.

2022இலும் 2025இலும் தொழிற்கட்சியே வென்றது. கட்சி மாநாட்டில் சங்கங்களுக்குரிய பங்கு 2002இல் அறுபதிலிருந்து ஐம்பது விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், ஊழலும் குற்றக் கும்பல் தொடர்பும் பற்றிய குற்றச்சாட்டுகளைத் தொடர்ந்து, கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தைத் தொழிற்கட்சி அரசே தனி நிர்வாகத்தின்கீழ்க் கொணர்ந்தது. கட்டடத் தொழிலாளர் என்றவுடன் வேறொன்றையும் நினைத்தல் வேண்டும். 1970களின் தொடக்கத்தில் சிட்னியில் ஜாக் மண்டி தலைமையில் கட்டடத் தொழிலாளர், பசுமையையும் பழைய குடியிருப்புகளையும் அழிக்கும் பணிகளைச் செய்ய மறுத்தனர். தமக்கே வருவாய் தரும் வேலையை ஊர்நலம் கருதி மறுத்த அச்செயல் சங்க வரலாற்றின் உயர்ந்த பக்கம். ஒரே தொழிலில் உயர்வும் தாழ்வும் தோன்றியமை, சங்கத்தின் பெருமை அதன் பெயரில் இல்லை, நடத்தையில் உள்ளது என்பதைக் காட்டும்.

நிறைவாக

ஆஸ்திரேலிய வரலாறு மூன்று உண்மைகளைப் புலப்படுத்துகிறது. சங்கம் தன் வலிமையைச் சட்டமாக்கக் கட்சி தேவை. கட்சி ஆட்சிக்கு வந்தபின் அதனைக் கேள்வி கேட்கும் சங்கமும் தேவை. யாரை வெளியே நிறுத்திக் கூடுகிறதோ அவர்தம் முகத்தைப் பார்க்கும் துணிவு இல்லாத கூட்டம் நீதியைப் பேச இயலாது. மூன்றாவது உண்மையைச் சொல்லும் பொறுப்பு எழுதுவோர்க்கு மிகுதியும் உரியது. லாசன் தோற்றவர்க்காக எழுதினார். ஆனால் வேலிக்கு அப்பால் நின்றவரை அவர் காலத்து இயக்கம் காணவில்லை. கில்மோரும் ஹார்டியும் அவ்வேலியைத் தாண்டிப் பார்க்க முயன்றனர்.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டமும் ஒரு சங்கமே. கூடியிருப்போரின் குரலைக் காப்பதோடு, இன்னும் கூடாதிருப்போர் யார் என்று கேட்பதும் அதன் கடன். அக்கடன் ஆற்றும் வட்டம் நீடு வாழ்க.