உண்டவர் பொறுப்பா, விற்றவர் பொறுப்பா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நியூயார்க் நகரிலே 2002ஆம் ஆண்டில், சில பிள்ளைகளின் சார்பில் அவர்தம் பெற்றோர் மக்டொனால்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தனர். அதன் உணவை அடிக்கடி உண்டமையால் பிள்ளைகள் உடல் பெருத்து நோயுற்றனர் என்பது அவர்கள் வாதம். வாயைக் கட்டாதவர் கடைக்காரரைக் கோர்ட்டுக்கு இழுப்பதா என்று நகைத்தவர் பலர்.

நீதிபதி ராபர்ட் ஸ்வீட் 2003 ஜனவரியில் வழக்கைத் தள்ளினார். ஆயினும் நகைத்துத் தள்ளவில்லை. இத்தகைய உணவை மிதமிஞ்சி உண்டால் கேடு என்பது யாவரும் அறிந்ததே. அறிந்தும் உண்டவர் பிறரைப் பழித்தலாகாது. ஆனால், செய்முறையினால் உணவிற் புகுந்து, உண்பவர் அறிய இயலாதவாறு மறைந்திருக்கும் தீங்கு எனில் நிலைமை வேறு என்றார். வீட்டுச் சமையலில் சேராத பல பொருள்கள் சேர்ந்த கோழித் துண்டை அதற்கு உதாரணமாகக் காட்டினார். நம் வீட்டு முறுக்கும் எண்ணெயிற் பொரிந்ததே. ஆனால் அதில் என்ன சேர்ந்தது என்பது பிழிந்தவருக்குத் தெரியும்!

ரயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கு இந்த நியாயம் புதிதன்று. 'ஓனர்ஸ் ரிஸ்க்' கட்டணத்தில் அனுப்பிய சரக்கு கெட்டால் நஷ்டம் அனுப்பியவருடையதே. எனினும் ரயில்வேயின் கவனக்குறைவால் கெட்டதென்று மெய்ப்பித்தால், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டம் எங்களை விடாது.

மேல்முறையீட்டு மன்றம் 2005இல் அவ்வழக்கின் ஒரு பகுதிக்கு, அதாவது விளம்பரத்தால் ஏமாற்றினர் என்ற பகுதிக்கு, மீண்டும் உயிர் கொடுத்தது. ஒவ்வொரு பிள்ளையின் உணவும் பழக்கமும் வேறுவேறாதலால், அனைவருக்குமாக ஒரே வழக்கு நடத்த 2010இல் அனுமதி கிட்டவில்லை. இடையே, இவ்வகை வழக்குகளையே தடுக்கும் மசோதாவை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை 2004லும் 2005லும் நிறைவேற்றியது. செனட் சபையில் அது நிறைவேறவில்லை. மசோதாவின் பெயரிலேயே 'தன் பொறுப்பு' என்ற சொல் இருந்தது. நல்லதொரு சொல்லைக் கோர்ட்டு வாசலுக்குப் பூட்டாக்கப் பார்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெரியவர்க்குப் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு உண்டு? கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளியினுள்ளும், வாயிலிலிருந்து 50 மீட்டர் தூரத்திற்குள்ளும் விற்கலாகாது என்று நம் நாட்டிலே 2020இல் விதி செய்துள்ளனர். நம் காலனிப் பள்ளி வாயிலில் என்ன தொங்குகிறதென்பதைத் தாய்மார்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். சங்கத்தின் சார்பில் நால்வர் சென்று தலைமையாசிரியரைக் காண்பதாயின், விதியின் நகலுடன் நானும் உடன் வரச் சித்தமாயிருக்கிறேன்.