பெட்டிமேல் அச்சிட்ட விலை



முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்கிற நாளில், ஆபரேஷன் தியேட்டருக்குள் டாக்டரும் மயக்க மருந்து நிபுணரும் நர்சுகளும் போக இன்னொருவரும் இருப்பார். மருத்துவமனையில் சம்பளம் வாங்குகிறவர் அல்ல. செயற்கை மூட்டு விற்கிற டீலரின் ஆள். முந்தின நாளே பெட்டி பெட்டியாகச் சாமானைக் கொண்டுவந்து இறக்கியிருப்பார். தொடை எலும்பின் நுனிக்கு மாட்டுகிற உலோகப் பாகம் இடக்காலுக்கு ஒன்று, வலக்காலுக்கு ஒன்று. அதிலும் வரிசையாகப் பல அளவுகள். கீழே வைக்கிற தட்டுக்கும், இரண்டுக்கும் நடுவில் வருகிற பிளாஸ்டிக் வில்லைக்கும் அப்படியே. எலும்பைச் செதுக்கி அளந்து பார்த்த பிறகுதான் எந்த அளவு என்று டாக்டர் உறுதியாகச் சொல்வார். சொன்னவுடனே சரியான உறையை எடுத்து நீட்ட வேண்டும், தவறான உறையைப் பிரித்துவிட்டால் அந்தப் பாகம் வீண். நோயாளிக்கு உபயோகமானது ஒரு செட். மற்ற பெட்டிகள் வந்த வழியே திரும்பும். போட்டதற்கு மட்டும்தான் பில்.

இந்த ஏற்பாட்டைத் தொழிலில் கன்சைன்மென்ட் என்பார்கள். இருதயத்துக்குப் போடுகிற ஸ்டென்ட்டும் பெரும்பாலும் இப்படித்தான். ஸ்டென்ட் வைக்கிற அறையான கேத் லேப்பின் அலமாரியில் நீளவாரியாகவும் விட்டவாரியாகவும் அடுக்கியிருக்கும் சரக்கு டீலருடையது, அலமாரி மட்டும் மருத்துவமனையுடையது. நள்ளிரவில் மாரடைப்போடு ஒருவர் வந்தால் அந்த அளவு அங்கே தயாராக இருக்கிறது என்றால், அதற்கான பணத்தை யாரோ ஒருவர் முன்கூட்டியே போட்டு முடக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். இடைத்தரகர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிற அந்த மொத்த வியாபாரியைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

சென்னையில் இந்த வியாபாரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் பூங்காநகரில் நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போகலாம். அரசு பொது மருத்துவமனையிலிருந்து நடக்கிற தூரம். பஞ்சு, பேண்டேஜ், கையுறையிலிருந்து சக்கர நாற்காலி, ஸ்ட்ரெச்சர், ஆய்வகக் கண்ணாடிச் சாமான், ரசாயனம் வரை அங்கே கடை கடையாக உண்டு. வெளியூர் நர்சிங் ஹோம்காரர் ஒருவர் வெறுங்கையோடு அந்தத் தெருவுக்குள் நுழைந்து, ஒரு சிறு ஆஸ்பத்திரிக்கு வேண்டிய சில்லறைச் சாமான் அனைத்துக்கும் கோட்டேஷன் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம்.

ஆனால் அது தொழிலின் ஒரு பாதிதான். கையுறை விற்கிறவருக்கு, விற்றதோடு வேலை முடிந்தது. வென்டிலேட்டரோ ஸ்கேன் கருவியோ விற்கிறவருக்கு, விற்ற பிறகுதான் வேலையே ஆரம்பம். கருவியை நிறுவ வேண்டும், ஊழியர்களுக்குப் பழக்கிக் கொடுக்க வேண்டும், பழுதானால் ஆள் அனுப்ப வேண்டும். வாரண்டி முடிந்ததும் இரண்டு விதமான ஒப்பந்தங்கள் வரும். ஏ.எம்.சி. என்றால் வேலைக்கூலி மட்டும், உதிரிபாகத்துக்குத் தனிக் காசு. சி.எம்.சி. என்றால் உதிரிபாகமும் அடக்கம். இந்த ஓர் எழுத்து வித்தியாசத்தைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் விழிக்கிற சிறு மருத்துவமனைகள் ஏராளம். இந்தியாவில் பயன்படும் மருத்துவக் கருவிகளில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு இறக்குமதி என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. தயாரித்த கம்பெனி கடல் கடந்து இருக்கும்போது, உள்ளூர் டீலரின் மெக்கானிக்தான் அந்தக் கம்பெனி.

ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் இன்னொரு முறை இருக்கிறது. அனலைசர் மிஷினைக் காசில்லாமலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பதிலுக்கு, மாதம் இத்தனை ரூபாய்க்கு சோதனைக்கு வேண்டிய ரசாயனமான ரீஏஜென்ட்டை அந்தக் கம்பெனியிடம்தான் வாங்குவோம் என்று லேப்காரர் எழுதிக் கொடுக்க வேண்டும். மிஷினின் விலை ஒவ்வொரு சோதனையின் விலைக்குள்ளும் பொடிப்பொடியாகக் கலந்துவிடும். கையில் முதல் இல்லாத சிறு ஊர் லேப்காரருக்கு இது கதவைத் திறந்துவிடுகிற ஏற்பாடு. அதே கதவு வெளியே போகும்போது அவ்வளவு லேசாகத் திறக்காது.

பல் மருத்துவம் வேறொரு தனி உலகம். பல் டாக்டர்களில் பெரும்பாலோர் தனியாளாகக் கிளினிக் நடத்துகிறவர்கள். கொள்முதல் அதிகாரி, ஸ்டோர் கீப்பர் எல்லாம் அவர்தான். ஆகவே டீலர்தான் அவருக்குத் துணை. நாற்காலி வாங்கினால் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட முடியாது. காற்றுக்குழாய், தண்ணீர், கழிவு, மின்சாரம் நான்கும் நாற்காலியின் அடியில் தரைக்குள்ளிருந்து எழும்ப வேண்டும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே டீலரின் ஆள் வந்து தரையில் குறி போட்டுத் தந்தாக வேண்டும். பல்லைக் குடைகிற ஏரோட்டர் காற்றின் விசையில் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, அதன் பேரிங் தேய்ந்தால் அன்றைக்கு வேலை நின்றது. அளவெடுக்கிற ஆல்ஜினேட்டுக்கும், அடைக்கிற காம்பொசிட்டுக்கும், அதை ஒட்டவைக்கிற பாண்டிங் திரவத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. நம் ஊர் வெயிலில் குடோனில் அடைத்துப் போட்டால் தேதிக்கு முன்பே கெட்டுவிடும். எக்ஸ்ரே மிஷின் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் பெற்ற மாடல்தான் விற்கலாம், டாக்டரும் வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். படிவம் நிரப்ப உதவுவதும் பல நேரங்களில் டீலர்தான்.

டீலரைக் கையில் வைத்திருப்பவர் சந்தையையே கையில் வைத்திருக்கிறார் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. டென்ட்ஸ்ப்ளை என்ற கம்பெனி, பல் செட்டுக்கான செயற்கைப் பற்களில் அந்த நாட்டுச் சந்தையின் முக்கால் பங்குக்கு மேல் வைத்திருந்தது. 1993-இல் அது தன் டீலர்களுக்கு ஒரு நிபந்தனை போட்டது: எங்கள் பல்லை விற்கிறவர் புதிதாக வேறு கம்பெனிப் பல்லைச் சேர்த்து விற்கக் கூடாது. போட்டிக் கம்பெனிகள் பல் செட் செய்கிற லேப்களுக்கு நேரடியாக விற்றுக்கொள்ளலாமே, யார் தடுத்தது என்று கேட்டது கம்பெனி. அரசு 1999-இல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் 2003-இல் கம்பெனி பக்கமே தீர்ப்புச் சொன்னது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பல் லேப்கள் டீலரிடம்தான் வாங்கிப் பழகியவை, டீலரின் வாசலை அடைத்தால் சந்தையை அடைத்த மாதிரிதான் என்பது அதன் முடிவு. வக்கீல்களுக்கு ஆறு வருடம் பிடித்தது. நைனியப்ப நாயக்கன் தெருவில் கேட்டிருந்தால் ஆறு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள்.

சரி, இவ்வளவு வேலை செய்கிற டீலர் லாபம் வைக்கக் கூடாதா? வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். என் சந்தேகம் அவர் லாபத்தின்மேல் அல்ல. பெட்டியின்மேல் அச்சடிக்கப்படுகிற விலையின்மேல்.

மளிகைச் சாமானில் போட்டி வந்தால் விலை குறையும். மருத்துவக் கருவியில் போட்டி வந்தால் எம்.ஆர்.பி. ஏறும். எப்படி என்று கேளுங்கள். வாங்குவது என்ன என்று முடிவு செய்வது மருத்துவமனை, பணம் கொடுப்பது நோயாளி. ஒரு பேச்சுக்கு, இரண்டு கம்பெனிகள் ஒரே மாதிரிப் பொருளை மருத்துவமனைக்கு 25,000 ரூபாய்க்குத் தருகின்றன என்று வையுங்கள். ஒன்றின் பெட்டியில் 60,000 என்று அச்சடித்திருக்கிறது, மற்றதில் 1,20,000. நோயாளிக்குப் போடுகிற பில் பெட்டி விலைப்படி. மருத்துவமனை எதை வாங்கும்? குறைந்த விலை அச்சடித்தவரின் சரக்கு விலைபோகாமல் கிடக்கும். அடுத்த முறை அவரும் விலையை ஏற்றித்தான் அச்சடிப்பார்.

இது கற்பனை இல்லை என்று காட்டியது ஸ்டென்ட் விவகாரம். நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்த பிறகு, 2016-இல் ஸ்டென்ட் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்ந்தது. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்குக் கேட்டது. கம்பெனியிலிருந்து நோயாளி வரை எந்தக் கையில் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்தபோது, மிக அதிக லாபம் டீலரிடம் இல்லை, மருத்துவமனைகளிடம் இருந்தது, 654 விழுக்காடு வரை. 2017 பிப்ரவரியில் உச்சவரம்பு வந்தது. மருந்து பூசாத சாதாரண ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதற்கு முன் பெட்டிமேல் இருந்த சராசரி விலை முறையே சுமார் 45,000, 1,21,000. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கும் வரம்பு வந்தது. வழக்கமாகப் போடப்படுகிற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய். ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது அது.

தொழிலில் இருக்கிறவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். வரம்பு வந்தவுடன் சில பன்னாட்டுக் கம்பெனிகள் தங்களுடைய உயர்ரக ஸ்டென்ட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டன. விலை குறைந்த அளவுக்கு டீலரின் பங்கும் சுருங்கியது, ஆனால் கன்சைன்மென்ட்டில் முடங்குகிற முதலும், நள்ளிரவில் ஓடுகிற ஆளின் சம்பளமும் சுருங்கவில்லை. ஸ்டென்ட்டில் குறைந்ததை மருத்துவமனை வேறு கட்டணத்தில் ஏற்றிவிட்டது என்ற புகாரும் எழுந்தது. விலை வரம்பு எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நான் நம்பவில்லை. அது இல்லாதபோது நடந்ததைவிட இது மேல், அவ்வளவுதான்.

கொரோனா இரண்டாம் அலையில் இதே கதை வீட்டுக்குள் வந்தது. விரலில் மாட்டுகிற ஆக்சிமீட்டருக்கு ஜனம் அலைந்த நாட்கள் நினைவிருக்கும். 2021 ஜூலையில் ஆக்சிமீட்டர், சர்க்கரை பார்க்கும் கருவி, ரத்த அழுத்தக் கருவி, நெபுலைசர், டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஐந்துக்கும் ஆணையம் லாப வரம்பு போட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிற விலைக்கு மேல் 70 விழுக்காடுதான் கூட்டலாம் என்றது. அதற்கு முன் சில பொருள்களில் அது 709 விழுக்காடு வரை போயிருந்தது. அதாவது டிஸ்ட்ரிபியூட்டருக்கு 1,000 ரூபாய்க்குப் போகிற பொருளின் பெட்டியில் 8,090 ரூபாய் அச்சடிக்க இடம் இருந்தது.

விலையைக் கட்டுப்படுத்த இன்னொரு வழியும் உண்டு. அதைக் காட்டியது தமிழ்நாடு. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில் இருப்பு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் புத்தகம் போல ஒரு பாஸ்புக், ஒதுக்கிய தொகைக்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மருந்தில் ஆரம்பித்தது கருவிக்கும் வந்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னால் இதே வழியில் கழகங்கள் அமைத்தன. பெட்டியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று டெண்டரில் யாரும் பார்ப்பதில்லை, எவ்வளவுக்குத் தருவாய் என்பதுதான் கேள்வி. அங்கே போட்டி விலையைக் குறைக்கிறது. அங்கேயும் கருவி பழுதானால் வருகிறவர் விற்றவரின் மெக்கானிக்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

சட்டமும் மெல்ல வந்து சேர்ந்திருக்கிறது. முன்பு சில வகைக் கருவிகளுக்கு மட்டுமே மருந்துச் சட்டம் பொருந்தும். 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவிகளும் அதற்குள் வந்துவிட்டன. 2022-இல் வந்த திருத்தத்தின்படி கருவி மட்டும் விற்கிற மொத்த வியாபாரியும் பதிவுச் சான்று பெற வேண்டும், தகுதியான ஆள் ஒருவரை வைத்திருக்க வேண்டும், சரக்கை அதற்குரிய வெப்பநிலையில் வைக்க வேண்டும். இது நல்ல மாற்றம், தாமதமான மாற்றம்.

டீலருக்கு மட்டும் ஒரு குறை தீரவில்லை. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 2021-இல் வியாபாரிகளையும் சிறு தொழில் பதிவில் சேர்த்தார்கள், ஆனால் வங்கிக் கடன் சலுகைக்கு மட்டும். பணம் இழுத்தடிக்கப்பட்டால் முறையிடுகிற உரிமை அவர்களுக்குக் கிடையாது. பாக்கி மாதக்கணக்கில் நிற்கும், வட்டி ஓடும், அந்த வட்டி அடுத்த கோட்டேஷனில் ஏறும். கடைசியில் அதையும் கட்டுவது நோயாளிதான்.

நேயர்கள் செய்யக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். ஸ்டென்ட் வைத்தால் அதன் விலை, பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண் நான்கையும் பில்லில் தனி வரியாகக் காட்ட வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. ‘பேக்கேஜ்’ என்று ஒரே வரியில் எழுதினால், பிரித்துக் கேளுங்கள். ஸ்டென்ட்டோ மூட்டோ, உறையில் வருகிற ஸ்டிக்கரை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டி வாங்குங்கள், பின்னாளில் அந்தப் பேட்ச்சில் குறை என்று தெரிந்தால் அதுதான் ஆதாரம். உச்சவரம்பு ஆண்டுதோறும் கொஞ்சம் மாறும், அறுவை சிகிச்சைக்கு முன் ஆணையத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு பி.பி. மிஷின் வாங்கினால் இரண்டு கடையில் விலை கேளுங்கள், எம்.ஆர்.பி. என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற எல்லைதான், அதே விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வரம்புக்கு மேல் வாங்கினால் ஆணையத்துக்குப் புகார் எழுதுங்கள். கூடுதலாக வாங்கியதை வட்டியோடு வசூலிக்க அதற்கு அதிகாரம் இருக்கிறது. அந்தப் பணம் அரசுக் கணக்குக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது. இருந்தாலும் எழுதுங்கள்.