இடைநீக்கமும் இடைநிற்றலும்

பள்ளி ஒழுங்கு குறித்து ஆராய அருப்புக்கோட்டையில் கூடியுள்ள இக்கருத்தரங்கு, ஒலியால் நெருங்கிய இரண்டு சொற்களை முதலில் விளக்கிக்கொள்ள வேண்டியுள்ளது. தவறு செய்த மாணவரைச் சில நாள்களுக்கு வகுப்புக்கு வரவிடாமல் பள்ளியே நிறுத்திவைப்பது இடைநீக்கம். படிப்பு முடியுமுன் மாணவர் பள்ளியை விட்டு நின்றுவிடுவது இடைநிற்றல். முன்னது பள்ளியின் செயல், பின்னது குடும்பத்தின் செயல் எனக் கொள்வது வழக்கமாயினும், திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தைக் காண்பது எளிதன்று.

இடைநீக்கத்தை ஆதரிப்போர், தண்டனை உறைத்தால் நடத்தை மாறும் என்பர். ஆனால், ஒரு செயலின் விளைவு அச்செயலை மீண்டும் செய்யத் தூண்டுமாயின் உளவியலார் அதனை வலுவூட்டல் என்று அழைக்கின்றனர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறி, அதை மறைக்கவே வகுப்பைக் குலைக்கும் மாணவருக்கு வகுப்பிலிருந்து கிடைக்கும் விடுதலை தண்டனையாக அமையாமல் வலுவூட்டலாகவே அமைந்துவிடுகிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மாணவரை ஏழாம் வகுப்பு முதல் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வு, அவர்களுள் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் இடைநீக்கமோ வெளியேற்றமோ பெற்றிருந்ததையும், அந்நடவடிக்கைகளுள் சட்டம் கட்டாயப்படுத்தியவை 3 விழுக்காடு அளவே என்பதையும் காட்டியது. எஞ்சியவை பள்ளி அலுவலரின் விருப்புரிமையால், அதாவது அவர்கள் தாமே எடுத்த முடிவால், நேர்ந்தவை. அவ்வாறு தண்டிக்கப்பட்டோர் அடுத்த ஆண்டில் சிறார் நீதி அமைப்பிடம் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. தண்டனைதான் இதற்குக் காரணம் என்று இவ்வொப்பீட்டை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. எனினும் தண்டனை அவர்களைத் திருத்திற்று என்று கொள்ளவும் அதில் இடமில்லை.

டெக்சாஸ் மாணவர் வெளியே கழிக்கும் நாளும் கரிசல் மாணவர் வெளியே கழிக்கும் நாளும் ஒன்றல்ல. இங்கே அந்த நாள் வெறுமையாகக் கிடப்பதில்லை. சீமைக்கருவேலம் வெட்டும் காடும், கரிமூட்டமும், ஆட்டுக்கிடையும், நகரத்துத் தறியும், பட்டறையும் அதனை நிரப்பக் காத்திருக்கின்றன. முதல் நாள் கூலி வீட்டுக்கு வந்தபின், அரிசி வாங்க உதவும் அப்பணத்தை விட்டுப் பள்ளிக்குத் திரும்புமாறு மகனிடம் சொல்வது, மழை பொய்த்த ஆண்டில் எந்தத் தாய்க்கும் எளிதன்று. பத்தாம் வகுப்பு வரையுள்ள மாணவராயின் நண்பகல் சத்துணவும் அந்நாள்களில் கைவிட்டுப் போகிறது. பசியைப் போக்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்க்க மதிய உணவைப் பரவலாக்கிய காமராசர் பிறந்த விருதுநகர் மாவட்டத்திலேயே இது நிகழ்வது கருதத்தக்கது.

சட்டத்தின் நிலை இன்னும் நுட்பமானது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தமும் இப்பாதுகாப்பை அகற்றவில்லை. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமோ பதினான்கு வயது நிறைந்தோரை, வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்கள் நீங்கலாக, வேலைக்கு அமர்த்த இடமளிக்கிறது. ஆக, பள்ளி வெளியே அனுப்பத் தொடங்கும் வயதும் வேலை உள்ளே அழைக்கத் தொடங்கும் வயதும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பே இக்கருத்தரங்கு ஊன்றி நோக்க வேண்டிய வகுப்பு.

ஆசிரியர் பக்கத்து நியாயமும் புறந்தள்ளத்தக்கதன்று. ஆசிரியரிடம் மாணவர் அத்துமீறிய காணொளிகள் பரவிய 2022-இல், அத்தகையோர் நீக்கப்படுவர் என்றும் மாற்றுச் சான்றிதழிலும் நன்னடத்தைச் சான்றிதழிலும் காரணம் குறிக்கப்படும் என்றும் பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஷ் பொய்யாமொழி அறிவித்தமை ஆசிரியர்களின் வேதனைக்கு விடையே. ஆயினும் மாற்றுச் சான்றிதழில் எழுதப்பட்ட ஒரு வரி அடுத்த பள்ளியின் கதவையும் சாத்திவிடக்கூடும்.

ஆணை ஏதுமின்றி நிகழும் இடைநீக்கமே இவற்றினும் பெரிது எனத் தோன்றுகிறது. “அப்பாவைக் கூட்டி வந்தால்தான் வகுப்புக்குள் விடுவேன்” என்ற சொல்லால் வெளியே நிற்கும் மாணவரின் தந்தை திருப்பூரிலோ கேரளத்திலோ வேலையில் இருப்பார். உள்ளூரில் இருப்பினும் ஒரு நாள் கூலியை இழந்தே வர வேண்டியவராவார். அவர் வரும்வரை கழியும் நாள்கள் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்றே ஏறுகின்றன. ஆதலின், நாளை தொடங்கும் கட்டுரை அமர்வுகளில் இடைநிற்றல் கணக்குகளை எடுத்தாள்வோர், பள்ளியை விட்டு நின்ற ஒவ்வொரு மாணவரும் கடைசியாக வகுப்புக்கு வந்த நாளில் அவரிடம் என்ன சொல்லப்பட்டது என்பதையும் கேட்டுப் பதிவு செய்யுமாறு இவ்வவை வேண்டுகிறது.