வெயிலும் கலங்களின் எழுத்துப் பிழையும்



ஹரோவில் எப்போதாவது எறிக்கும் வெயிலுக்கு நாங்கள் யாரும் பயப்படுவதில்லை. ஆனால் அந்த வெயிலே ஆபத்தாகிவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குள்ள பரம்பரை நோயின் பெயர் சீரோடெர்மா பிக்மென்ரோசம், சுருக்கமாக எக்ஸ்.பி.

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர், தோற் கலங்களின் டி.என்.ஏ.யில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளை ஒட்டவைத்துவிடும். இது எல்லோருக்கும் நடக்கிறது. கலம் அந்தத் துண்டை வெட்டி எறிந்து புதிதாக நிரப்பிக்கொள்ளும். எக்ஸ்.பி. நோயாளரின் கலங்களுக்கு இது இயலவில்லை என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் வெளியிட்டார்.

ஆனால் சில நோயாளரிடம் இந்தத் திருத்த வேலை ஒழுங்காகவே நடந்தது. பிறகேன் நோய்? குறை படியெடுப்பதில்தான் என்று 1975இல் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அலன் லேமனும் சக ஆய்வாளரும் காட்டினர். பழைய ஏட்டைப் பிரதிபண்ணுபவர் பூச்சி அரித்த இடத்தில் திகைத்து நிற்பதுபோல, டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதியமும் பழுதான இடத்தில் நின்றுவிடும். அப்போது அந்த எழுத்துகளைச் சரியாக வாசித்துக் கடக்க வேறொரு நொதியம் வரும். பொலிமரேஸ் ஈற்றா என்ற இதற்கும் நோய்க்குமான தொடர்பு 1999இல் தெரியவந்தது. அது இல்லாதவிடத்து மற்ற நொதியங்கள் பிழையாக எழுதும். பிழைகள் சேர்ந்து தோற் புற்றுநோயாகலாம். இவ்வகையினருக்கு வெயில் பெரும்பாலும் கடுமையாகச் சுடாது. அதனால் நோய் பிந்தியே பிடிபடும்.

தாய், தகப்பன் இருவரிடமும் ஒரே பழுதான பரம்பரை அலகு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. எங்களுக்குள் நடக்கும் மச்சான் மச்சாள் கலியாணங்களில் இப்படிச் சேரும் சாத்தியம் கூட. இது யாருடைய குற்றமுமல்ல. சம்பந்தம் குழம்பிவிடும் என்று மறைக்கவும் வேண்டாம்.

கொஞ்ச வெயிலுக்கே குழந்தையின் தோல் கொப்புளித்தாலோ, இரண்டு வயதுக்குள் முகத்தில் புள்ளிகள் விழுந்தாலோ உங்கள் ஜீ.பீ.யிடம் காட்டுங்கள். "எங்கட தோலுக்கு வெயில் என்ன செய்யும்" என்று விட்டுவிடாதீர்கள். லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் 2010 முதல் இதற்கெனத் தனிச் சேவை இயங்குகிறது. நோயை முற்றாக மாற்ற மருந்தில்லை. ஆனால் சிறுவயதிலிருந்தே புற ஊதாக் கதிர் படாமல் காத்தால் புற்றுநோய்களைப் பெருமளவு தடுக்கலாம். யன்னல் கண்ணாடிக்கும் தடுப்புப் படலம் ஒட்டவேண்டும். விற்றமின் டி குறையாமலும் பார்க்கவேண்டும்.

நேரத்தோடு கண்டுகொண்டால் அந்தப் பிள்ளையும் படித்து, விளையாடி வளரும்.