ரோடியம்: வெள்ளை மோதிரத்தின் மேற்பூச்சு



கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளைத் தங்க மோதிரம் இரண்டு வருடத்தில் மஞ்சளடித்துப் போனால் வீட்டில் என்ன பேச்சு எழும்? 'கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்றுதான். பெரும்பாலும் அப்படி இல்லை. தங்கம் அப்படியே இருக்கிறது. அதன் மேல் பூசியிருந்த ரோடியம் என்ற உலோகம்தான் தேய்ந்துவிட்டது.

தங்கத்தோடு பல்லேடியமோ நிக்கலோ கலந்தால் மஞ்சள் மங்கும். ஆனால் பளிச்சென்ற வெண்மை வராது. அதற்காக ரோடியத்தை மின்சாரத்தின் உதவியால் முலாமாக ஏற்றுகிறார்கள். அது தலைமயிரைக் காட்டிலும் பன்மடங்கு மெல்லியது. அமிலம் அதை எளிதில் அசைக்காது. தங்கத்தையே கரைக்கும் இராஜதிராவகத்துக்கும் கட்டி ரோடியம் மசியாது. ஆனால் கத்திப்பிடியும் மண்வெட்டியும் தினமும் உராயும் விரலில் அந்த மெல்லிய பூச்சு எத்தனை நாள் தாங்கும்? மறுபடி முலாம் போட்டுக்கொள்ளலாம்.

வில்லியம் ஹைட் வொலாஸ்டன் என்ற ஆங்கிலேயர், தென் அமெரிக்காவிலிருந்து வந்த பிளாட்டினக் கனிமத்தை ஆராய்ந்தபோது இதைக் கண்டுபிடித்து, 1804இல் உலகுக்கு அறிவித்தார். உலோகம் என்னவோ வெள்ளைதான். அதன் உப்பு ரோஜா நிறம். கிரேக்க மொழியில் 'ரோடோன்' என்றால் ரோஜா.

உலகில் ஆண்டுதோறும் 3,000 டன்னுக்கு மேல் தங்கம் வெட்டி எடுக்கிறார்கள். ரோடியமோ 30 டன்னைக்கூட எட்டுவதில்லை. அதிலும் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவில் கிடைக்கிறது. இதற்கென்று தனிச் சுரங்கம் கிடையாது. பிளாட்டினம் எடுக்கும்போது கூடவே வருவதுதான். ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும்: ஒட்டுப்பாலுக்காக மட்டும் யாராவது மரம் சீவுவார்களா? விலை எவ்வளவு ஏறினாலும் வரத்தைச் சட்டென்று கூட்ட முடியாது. அதனால்தான் விலை ஊஞ்சலாடுகிறது. 2008இன் நடுவில் ஓர் அவுன்ஸ் 10,000 அமெரிக்க டாலர் வரை போய், அந்த ஆண்டு முடிவதற்குள் 1,000 டாலர் அளவுக்கு விழுந்தது. 2021 மார்ச்சிலோ 29,000 டாலரைத் தொட்டது. அப்போது தங்கத்தைப்போல் பதினைந்து மடங்குக்கு மேல்!

அந்தப் பிளாட்டினத்தை வெட்டுகிறவர்களும் கூலிக்காரர்களே. மாதம் 12,500 ராண்டு சம்பளம் கேட்டு மரிக்கானா சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்களில் 34 பேரை, 2012 ஆகஸ்டு 16ஆம் நாள் போலீசார் சுட்டுக் கொன்றார்கள்.

இவ்வளவு விலை கொடுத்து வாங்குவது நகைக்காக என்று நினைக்க வேண்டாம். பெரும்பகுதி பெட்ரோல் கார்களுக்கே போகிறது. புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள், நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுப் புகையைச் சாதாரண நைட்ரஜனாக மாற்றுவது இதன் வேலை. ஒரு காரில் பெரும்பாலும் ஒரு கிராம்கூட இராது. ஆனாலும் அதற்காகவே இரவோடிரவாகக் குழாயை அறுத்துக்கொண்டு போகும் திருடர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

மோதிரத்துக்கு வருவோம். அடகுக்கடையில் ரோடியத்துக்குக் காசு வராது; தங்கத்துக்குத்தான் கணக்கு. உட்புறம் 750 என்று பொறித்திருந்தால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம்; நமக்குப் பழக்கமான 916ஐவிடக் குறைவு. வாங்கும்போதே அந்த எண்ணைப் பார்த்து, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். மறுமுலாமுக்கு என்ன கூலி என்றும் அப்போதே கேளுங்கள். பட்டறையில் காரின் பழைய கன்வர்ட்டரைக் கழற்றினால், அதை என்ன செய்யப் போகிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.