அடையாற்றுக்கு முன்னால் வண்ணாரப்பேட்டை

அடையாறு ஆனந்த பவன் சென்னை அடையாற்றில் பிறந்ததல்ல. அதைத் தொடங்கிய ராஜபாளையத்துக்காரர் திருப்பதி ராஜா, முதலில் வண்ணாரப்பேட்டையில் இனிப்புக்கடை நடத்தி, கைப்பக்குவமும் வாடிக்கையும் படிந்த பிறகே 1988இல் அடையாற்றில் கடை போட்டார். முதல் கடையையே மெயின் ரோட்டில், லட்சக்கணக்கில் அட்வான்ஸ் கொடுத்துத் திறக்கத் துடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

வேலை தேடுகிறவர்களுக்கும் சொல்கிறேன். சொந்தக் கடை ஆசை இருந்தால், அதே தொழிலில் ஓராண்டு சம்பளத்துக்கு நில்லுங்கள். சரக்கு எங்கே மலிவு, எது விற்காமல் தேங்கும் என்பதெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில்தான் தெரியும்.

கடை தொடங்கக் கடன், மானியம் பற்றிக் கேட்க, சென்னை கிண்டியில் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான் எண்களை வைத்து நீங்களே இணையத்தில் முடித்துவிடலாம். அதற்குப் பணம் கேட்கும் தரகருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.