இரண்டு மணி அடித்தால் பஸ் புறப்படும்



இன்று நாம் பஸ் கண்டக்டரைப் பற்றிப் பேசப் போகிறோம்.

கிழக்கேகோட்டையில் ஒரு அம்மா பஸ் ஏறுகிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. "மெடிக்கல் காலேஜ் வந்தால் சொல்லணும் சார்" என்கிறார். கண்டக்டர் தலையை ஆட்டுகிறார். இடம் வந்ததும் ஒரு மணி அடிக்கிறார். பஸ் நிற்கிறது. "அம்மா, இறங்குங்கள்" என்கிறார். அம்மா இறங்கிய பிறகு இரண்டு மணி அடிக்கிறார். பஸ் புறப்படுகிறது.

இது சின்ன உதவியா? இல்லை. படிக்கத் தெரியாதவருக்கு அந்தக் கண்டக்டர்தான் கண்.

நம் ஊரில் அரசு பஸ் எப்போது வந்தது தெரியுமா? 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி. திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாள் அதைத் தொடங்கி வைத்தார். அந்தப் போக்குவரத்துத் துறையை நடத்த லண்டனிலிருந்து ஒரு அதிகாரியை வரவழைத்தார்கள். அவர் பெயர் சால்ட்டர். லண்டன் நகர பஸ் நிர்வாகத்தில் வேலை பார்த்தவர் அவர். கண்டக்டர் வேலைக்கும் இன்ஸ்பெக்டர் வேலைக்கும் அன்று பட்டதாரிகளையே எடுத்தார்கள். அந்த வேலைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

லண்டனிலும் அதே மணிதான். ஒன்று அடித்தால் நிற்கும். இரண்டு அடித்தால் புறப்படும்.

அங்கே ரூட்மாஸ்டர் என்ற சிவப்பு மாடி பஸ் 1956 முதல் ஓடியது. அதன் பின்பக்கம் கதவு கிடையாது. ஓட்டுநர் முன்னால் தனி அறையில் இருப்பார். கண்டக்டர் மாடிக்கும் கீழுக்கும் நடந்து டிக்கெட் கொடுப்பார். முதியவர்களைக் கைபிடித்து ஏற்றுவார். வழி தெரியாதவர்களுக்கு வழி சொல்வார்.

ஆனால் அந்த பஸ்ஸில் ஒரு குறை இருந்தது. சக்கர நாற்காலியில் வருபவர்கள் அதில் ஏற முடியாது. இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுப்பதும் செலவு என்றார்கள். அதனால் ஒவ்வொரு வழித்தடமாக அந்த பஸ்களை நிறுத்தினார்கள். கடைசியாக மிஞ்சியது 159-ஆம் எண் வழித்தடம். 2005 டிசம்பர் 9-ஆம் தேதி அதற்கும் கடைசி நாள் வந்தது.

அன்று சாலை ஓரத்தில் மக்கள் கூடி நின்றார்கள். படம் எடுத்தார்கள். கடைசி பஸ் பிரிக்ஸ்டன் டிப்போவுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் முதல் அந்த வழியில் ஓட்டுநர் மட்டும்தான். 2014 ஜூலை முதல் லண்டன் பஸ்களில் காசே வாங்குவதில்லை. அட்டையைக் காட்டி ஏற வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவருக்குப் புதிய பஸ் கதவு திறந்தது. அது நல்லது. ஆனால் படிக்கத் தெரியாதவருக்கு யார் துணை?

இந்த மாற்றம் நம் பக்கமும் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2018-இல் கோவைக்கும் சேலத்துக்கும் இடையே கண்டக்டர் இல்லாத பஸ்களை விட்டார்கள். கேரளத்தில் 2022-இல் ஸ்விஃப்ட் பஸ்கள் வந்தன. அவற்றில் ஓட்டுநர் வேலைக்கும் கண்டக்டர் வேலைக்கும் சேர்த்தே ஆள் எடுத்தார்கள். நம் நகர பஸ்களில் கண்டக்டர் இருக்கிறார். ஆனாலும் நாம் தயாராக வேண்டாமா?

நாம் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டோம். எண்களையும் படிக்கிறோம். இங்கே பஸ் போர்டு மலையாளத்தில் இருக்கிறது. அதற்காகப் பயப்பட வேண்டாம். நாம் அடிக்கடி போகும் இரண்டு ஊர்களின் பெயரை முதலில் மலையாளத்தில் படிக்கப் பழகுவோம். பிறகு மற்றவை தானே வரும்.

நாளை பஸ் ஏறும்போது போர்டை நீங்களே படியுங்கள். டிக்கெட்டை வாங்கியதும் தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு கட்டணம் என்று பாருங்கள். மீதிச் சில்லறையை எண்ணி வாங்குங்கள்.

இறங்கும்போது கண்டக்டருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். நமக்குப் படிக்கத் தெரியாத காலத்தில் நமக்காகப் படித்துச் சொன்னவர் அவர்.